அறுபதாயிரத்துக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்: பணம் எங்கே போய் உட்கார வேண்டும்?

‘ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, வண்ண விளக்குகளோடு கண்ணாடிக் கேபினட். விலை 25,000 ரூபாய்க்கும் கீழே.’ இணையக் கடைகளில் கேமிங் கம்ப்யூட்டர் தேடும் எவர் கண்ணிலும் இந்த மாதிரி விளம்பரம் படாமல் போகாது. 2025 மே மாதம், ப்ளஸ் டூ தேர்வு முடிவு வந்த கையோடு, திருச்சியிலிருந்து என் அக்கா மகன் இதைத்தான் எனக்கு அனுப்பிவைத்தான். “மாமா, இதையே வாங்கிவிடலாமா? அப்பா அறுபதாயிரம் வரை தருகிறேன் என்றார். இதை வாங்கினால் பாதிக்கு மேல் மிச்சம்.”

அந்த விளம்பரத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அதன் சாமர்த்தியம்.

ஐ7 என்பது இன்டெல் தன் ப்ராசஸர்களுக்குக் கொடுக்கும் பதவி, வயது அல்ல. வயது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. விளம்பரத்தில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிடுவார்கள். விசாரித்தால் ஐ7-2600 போல ஏதாவது ஒன்று வெளியே வரும். அது 2011 ஜனவரியில் வெளியானது: நான்கு கோர் (கணக்கிடும் மூளைகள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்). 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர், எட்டு திரெட்தான். ஆனால் பதவியில் சிறிய இந்த ஐ3, 2017-இல் கேமிங்குக்கு உச்சம் என்று கொண்டாடப்பட்ட ஐ7-7700கே-யையே பெரும்பாலான விளையாட்டுகளில் முந்திவிடும். 2600 எம்மாத்திரம்! பதவி உயர்ந்த தாத்தாவைவிட, கீழ்ப்பதவியில் இருக்கும் பேரன் வேகமாக ஓடுகிறான்.

‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ இன்னும் வேடிக்கையானது. இந்த வகைப் பெட்டிகளில் வழக்கமாக இருப்பது ஜிடி 730. 2014-இல் வந்த அந்தக் கார்டின் 4 ஜிபி வடிவங்களில் பெரும்பாலும் பழைய டிடிஆர்3 நினைவகம்தான் இருக்கும். நொடிக்குச் சுமார் 14 ஜிபி தகவலை அது கடத்தும். 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600, நொடிக்கு 224 ஜிபி கடத்துகிறது. கார்டின் நினைவக அளவு என்பது குடோனின் பரப்பளவு மாதிரி. குடோன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழையக்கூடிய வாசலை வைத்துவிட்டால் மூட்டைகள் வெளியே வந்து சேருவதற்குள் கடை சாத்திவிடும்.

போதாததற்கு, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. 2011-ஆம் ஆண்டுப் ப்ராசஸர்கள் விண்டோஸ் 11-இன் பட்டியலிலேயே கிடையாது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றினாலும், பையன்கள் உயிரை விடும் வாலரண்ட் என்ற விளையாட்டு அதில் திறக்காது; டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது உள்ளேயே விடும். ஆக, இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு வண்ண விளக்குகள் மட்டும் கிடைக்கும்.

சரி, பணம் எங்கே போக வேண்டும்? இதைக் கேட்பதற்கு முன்னால், திரையில் ஒரு படம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிட வேண்டும். விளையாட்டின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வந்துபோகும் ஒவ்வொரு படத்துக்கும், இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா பட்டதா, எந்தக் கதவு திறந்தது என்று கணக்குப் போட்டு, ‘இதையெல்லாம் வரைந்து தா’ என்று பட்டியல் கொடுப்பது ப்ராசஸர். அந்தப் பட்டியலைப் பார்த்துத் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் வண்ணம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. 1080பி எனப்படும் சாதாரணத் திரையில் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 83 லட்சம். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால், ஒரு ஃப்ரேமுக்கு இருவரிடமும் இருப்பது 16.7 மில்லிநொடி. 144 வேண்டுமென்றால் 6.9 மில்லிநொடிதான்.

இருவரில் யார் தாமதித்தாலும் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் காட்சி எளிமையானது, ஆனால் ஃப்ரேம்கள் நிறைய வேண்டும். அங்கே ப்ராசஸர் மீது பாரம் அதிகம். கதையோடு நகரும் புதிய பெரிய விளையாட்டுகளில் பாரம் முழுக்கக் கிராபிக்ஸ் கார்டின் தலையில். அதனால் கடைக்குப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டே: எதை ஆடப் போகிறாய், எந்தத் திரையில் ஆடப் போகிறாய். என் மருமகன் வாலரண்ட் பாதி, மற்றவை பாதி என்றான். அறுபதாயிரத்துக்குள் மானிட்டரும் அடங்க வேண்டும் என்பதால் 1080பி, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தை மாற்றும் திரை) என்று முடிவாயிற்று. 4கே திரையைப் பற்றி அவன் வாயைத் திறக்கவே நான் விடவில்லை.

திரை முடிவானதும் மற்றவை அதிலிருந்து ஒவ்வொன்றாக முடிவாகும். ஆடுவதற்காகவே வாங்கும் பெட்டியில், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். நாற்பது சதவீதம் போனாலும் தவறில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதலில் ஏறிய கடையில் எழுதித் தந்த கொட்டேஷன் நேர்மாறாக இருந்தது: விலை உயர்ந்த புது ப்ராசஸர், அதற்கு விளக்கு எரியும் கூலர், விளக்கு எரியும் ரேம், மூன்று பக்கம் கண்ணாடி வைத்த கேபினட், இவற்றுக்கெல்லாம் போக மிஞ்சியதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. எழுதியவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பத்தில் எட்டுப் பேர் கேட்பது அதைத்தானாம்.

கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ஏன் இந்த விலை என்று அலுத்துக்கொள்ளாதவர் இல்லை. 2020-லிருந்து இரண்டு ஆண்டுகள், கார்டுகளைக் கணக்குப் போட வைத்து எதீரியம் என்ற மின்னாணயத்தைத் தோண்டியவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் முறையையே மாற்றி, கார்டுகளின் தேவையை ஒரே நாளில் ஒழித்தது. அப்பாடா என்று இருந்தபோது செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. நம் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. 299 டாலர் என்று அமெரிக்காவில் அறிவிக்கப்படும் விலையில் வரி சேராது. டாலருக்கு 90 ரூபாய் வைத்தால் 26,910. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 31,750-ஐத் தாண்டிவிடும். இறக்குமதி செய்பவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் எல்லோரும் அதற்குப் பிறகுதான் வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்கக் காணொளி ஒன்றில் ‘500 டாலர் பெட்டி’ என்று பார்த்துவிட்டு நாற்பத்தைந்தாயிரத்தோடு கிளம்பிப் போகிறவர் பாதி வழியிலேயே தடுமாறுவது இதனால்தான்.

நாங்கள் எடுத்தது ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம், 132 வாட் மின்சாரம். 1080பி திரைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இன்றைக்கு அதைவிடப் புதிய கார்டுகள் வந்துவிட்டன. இன்டெல்லின் பி580, 12 ஜிபி நினைவகத்தோடு 249 டாலருக்கு 2024 டிசம்பரில் வந்தது. காகிதத்தில் பார்த்தால் அதுதான் சிக்கனம். ஆனால் பழைய, மெதுவான ப்ராசஸரோடு சேர்த்தால் அது சோர்ந்துபோகிறது. எல்லாப் பாகங்களும் செருகப்படும் பலகையான மதர்போர்டில், கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் எட்ட உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதியும் இருந்தே ஆக வேண்டும். கார்டு மட்டும் நல்லதாக இருந்தால் போதாது, போய்ச் சேரும் வீடும் பொருந்த வேண்டும்.

இந்தப் பொருத்தத்துக்கு இன்னொரு கசப்பான உதாரணம், 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பாதைக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். வழக்கமாக அதில் எட்டு அல்லது பதினாறு தடங்கள் இருக்கும். இந்தக் கார்டில் நான்கே நான்கு. புதிய நான்காம் தலைமுறை மதர்போர்டில் சமாளித்துவிடும். பழைய மூன்றாம் தலைமுறையில் பாதையின் அகலம் பாதியாகிவிடுவதால், அதன் 4 ஜிபி நினைவகம் நிறைந்ததும் விளையாட்டு வெட்டி வெட்டி ஓடும். புதுப் பலகை வாங்கப் பணமில்லாதவரை நம்பி விற்கப்பட்ட கார்டு, பழைய பலகையில்தான் மிக மோசமாக ஓடியது. ஆர்டிஎக்ஸ் 3050-இலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2022-இல் வந்த 8 ஜிபி கார்டும், 2024-இல் வந்த 6 ஜிபி கார்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. 6 ஜிபி கார்டில் நினைவகம் மட்டுமல்ல, கணக்கிடும் கோர்களும் குறைவு, நினைவகத்துக்குப் போகும் பாதையும் குறுகல். ஆனாலும் அந்த 6 ஜிபி கார்டுக்கு ஓர் இடம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ப்ராசஸரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஆறு கோர் இருந்தால் போதும். இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெல்லின் ஐ5-12400எஃப், இரண்டில் அன்றைக்கு எது மலிவோ அது. பெயரின் கடைசி எழுத்தை மட்டும் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ஏஎம்டியில் ‘ஜி’ இருந்தால் உள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் உண்டு. ஆனால் 5600ஜி-யில், 5600-இல் இருக்கும் எல்3 கேஷ் நினைவகத்தில் பாதிதான் இருக்கிறது: 32-க்குப் பதில் 16 எம்பி. தனிக் கார்டும் வாங்கப் போகிறவர் ‘ஜி’யையும் சேர்த்து வாங்குவது, சமையல்காரரை வேலைக்கு வைத்துவிட்டு ஹோட்டலில் சாப்பிடுவது போல.

கையில் முப்பதாயிரம்தான் இருக்கிறது, மீதி அடுத்த ஆண்டு வரும் என்பவருக்கு அந்த ‘ஜி’ நல்ல தொடக்கம். வாலரண்டுக்கு அது தாராளமாகப் போதும். ஒரே நிபந்தனை: ரேம் இரண்டு பட்டைகளாக இருக்க வேண்டும். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ரேமையே கடன் வாங்கும். டிடிஆர்4-3200 ரேம் ஒரு பட்டை இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு இருந்தால் 51.2 ஜிபி. ‘இப்போது ஒரு 16 ஜிபி போட்டுக்கொள்ளுங்கள், பிறகு இன்னொன்று போடலாம்’ என்று கடையில் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உள்ளமைந்த கிராபிக்ஸில் ஆடுபவருக்கு மட்டும் அந்த யோசனை கழுத்தை நெரிக்கும்.

ரேம் என்றதும் ஒரு பெருமூச்சு வருகிறது. 2025 ஜூனில் நாங்கள் இரண்டு 8 ஜிபி பட்டைகளை மூவாயிரத்துச் சில்லறைக்கு வாங்கினோம். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் அதே பட்டைகளின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிவிட்டது. உலகத்தின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் கேட்ட விலை கொடுக்கத் தயாராக இருக்கும்போது, திருச்சியில் ஒரு பையனுக்கு 8 ஜிபி விற்று என்ன லாபம்? 2025 டிசம்பரில் மைக்ரான், தன் க்ரூஷியல் என்ற சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. நம்மூரில் பலருக்கு முதல் ரேமும் முதல் எஸ்எஸ்டியும் அந்தப் பெயரில்தான் வந்தன.

இதனால் சிக்கனத்தின் கணக்கே மாறிவிட்டது. மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்4 என்ற சாக்கெட் 2016-இல் வந்தது. அதற்கு டிடிஆர்4 ரேம் போதும். 2022-இல் வந்த ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டுமே பொருந்தும். ஏஎம்5-க்கு 2027 வரையிலாவது புதுப் ப்ராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி வாக்குக் கொடுத்திருப்பதால், ‘எதிர்காலத்துக்கு வாங்கு’ என்பதுதான் சில ஆண்டுகளாக எல்லோரும் சொன்ன அறிவுரை. நானும் சொல்லியிருக்கிறேன். ரேம் விற்கும் விலையில் இன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் ஏழெட்டு ஆண்டுப் பழைய கம்ப்யூட்டர் கிடந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். உள்ளே டிடிஆர்4 பட்டைகள் இருந்தால் அவை இன்றைக்குப் பழைய நகை மாதிரி. ஏஎம்4 பலகையில் அப்படியே பொருத்திக்கொள்ளலாம். லேப்டாப் பட்டைகள் மட்டும் பொருந்தாது, அவை அளவில் சிறியவை.

இப்போது நான் சண்டை போடும் இடத்துக்கு வருகிறேன்: சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ். கடைப் பேச்சில் கடைசியாக வரும் உருப்படி அது. “கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் சேர்ந்தே வருகிறது சார், தனியாக எதற்கு?” என்பார்கள். அந்த 450 என்பது ஒட்டப்பட்ட ஸ்டிக்கரின் அளவு. பெட்டியைத் திருப்பி, அச்சிட்ட அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அதிலிருந்துதான். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். அதுதான் கைக்கு வரும் தொகை, மற்றது பெயருக்கு. ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், ப்ராசஸருக்கு எழுபது எண்பது, மற்றவற்றுக்கு ஐம்பது என்று போட்டால் 250-ஐ எட்டுகிறது. பெயர் பெற்ற நிறுவனத்தின் 450 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் இதை மூச்சு வாங்காமல் சுமக்கும்.

80 ப்ளஸ் முத்திரை இருந்தால் நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். அந்த முத்திரை சொல்வது ஒன்றுதான்: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பது. மின்னழுத்தம் எகிறினால் அணைத்துக்கொள்ளுமா, ஷார்ட் ஆனால் தன்னோடு மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. 2009-இல் கேபினட்டோடு இலவசமாக வந்த ஓர் எஸ்எம்பிஎஸ் ‘பட்’டென்று ஒரு சத்தத்தோடு என் அறையை இருட்டாக்கியது. மதர்போர்டு போயிற்று, ஹார்டுடிஸ்க் போயிற்று, தங்கை கல்யாணத்துப் படங்கள் போயின. தங்கை இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். அன்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி இது: பிற்பாடு ஒரு திருகைக் கழற்றி மாற்றக்கூடியதில் கஞ்சத்தனம் பண்ணலாம், மொத்தப் பெட்டியையும் பிரித்துத்தான் மாற்ற முடியும் என்பதில் பண்ணக் கூடாது. ரேம், எஸ்எஸ்டி, ஏன், கிராபிக்ஸ் கார்டைக்கூட அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அப்படியல்ல.

போதுமான இணைப்பு இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, ஹார்டுடிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரிலிருந்து கிராபிக்ஸ் கார்டின் ஆறு முனைக்கு மாற்றித் தரும் ஒரு சின்னக் கேபிள் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்; ஆறு முனை கேட்கக்கூடியது 75 வாட். உருகிப்போன பிளாஸ்டிக் வாசனையை நுகர ஆசைப்படுபவர்கள் அதை வாங்கலாம்.

இங்கேதான் அந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-இன் இடம் வருகிறது. அது 70 வாட்டில் ஓடுகிறது. தனி வயரே வேண்டாம், மதர்போர்டின் செருகுதுளை தருவதே போதும். ஐடி நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழித்துவிடும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்ற அலுவலகப் பெட்டிகள் பழைய சாமான் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றின் எஸ்எம்பிஎஸ் தரமானது, ஆனால் வாட் குறைவு. முனைகளும் அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவம், வேறொன்றை மாட்ட முடியாது. 2018-இல் வந்த ஆறு கோர் ஐ5-8500 உள்ள ஒரு பெட்டியை எடுத்து இந்தக் கார்டைச் செருகினால், இன்றைக்கு இருப்பதிலேயே மலிவான, மானமுள்ள கேமிங் கம்ப்யூட்டர் அதுதான் என்பது என் கட்சி. எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11-க்கும் தடையில்லை. ஒல்லியான பெட்டியாக இருந்தால் உயரம் குறைந்த கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும். விளம்பரத்தில் வந்த ‘ஐ7’ பெட்டியும் பழசுதான், இதுவும் பழசுதான். இடையில் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன.

பழைய கிராபிக்ஸ் கார்டுகளைப் பற்றி இரண்டு விதமான மூடநம்பிக்கைகள் உலவுகின்றன. எதீரியம் தோண்டிய கார்டு என்றாலே செத்தது என்பது ஒன்று. சீராக ஓடிய சில்லு அவ்வளவு எளிதில் சாகாது. தேய்வது விசிறியும், வெப்பத்தைக் கடத்தும் பசையும் பட்டைகளும்தான். அவற்றை மாற்றலாம். மற்றொன்று, பெட்டி புதிதாக இருந்தால் கார்டும் புதிது என்பது. ‘புத்தம் புது ஆர்எக்ஸ் 580’ என்று அறியாத பெயர்களில் வருபவை பெரும்பாலும் கழுவித் துடைத்த பழைய கார்டுகள். அவற்றிலும் 2048எஸ்பி என்று ஒரு வகை உண்டு. சீனச் சந்தைக்காக 2018-இல் வந்த அது, பெயரில் 580, உள்ளே கிட்டத்தட்ட 570. இன்னும் துணிச்சலானவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய சில்லின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை நிரலை) மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டுகிறார்கள். ஜிபியூ-இசட் என்ற இலவசச் செயலி இப்படிப்பட்ட வேடங்களில் பலவற்றைக் கண்டுபிடித்துப் ‘போலி’ என்று பெயருக்கு முன்னாலேயே எழுதிவிடும். விற்பவர் எதிரிலேயே அரை மணி நேரம் ஏதாவது கனமான விளையாட்டை ஓட்டிப் பார்க்காமல் பணத்தை எண்ணக் கூடாது. அவசரம் என்று சொல்பவரிடம் வாங்கவே கூடாது.

அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட், ரேடியோ உதிரிபாகம் விற்ற காலத்திலிருந்து இதே வேலையாக இருக்கும் தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. அங்கே பேரம் உண்டு. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் பேரம் பேசினால் ஒன்றில் விட்டதை மற்றொன்றில் பிடித்துவிடுவார்கள். முழுப் பட்டியலையும் மாடல் எண்ணோடு எழுதி மூன்று கடைகளில் கொடுத்து, மொத்தத் தொகையை மட்டும் கேட்பதே நல்லது. “அந்த மாடல் ஸ்டாக் இல்லை, அதே மாதிரிதான் இதுவும்” என்ற வாசகம் வரும் இடம் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும். அப்போது எழுந்து அடுத்த கடைக்குப் போகக் கால் வர வேண்டும். ‘பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறோம்’ என்பதும் கேட்கும். குறைவது பதினெட்டு சதவீத வரி. கூடவே போவது மூன்று ஆண்டு வாரண்டி. ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும், பின்னால் இருப்பவர்கள் முணுமுணுத்தாலும்.

இதே பணத்துக்கு லேப்டாப் வாங்கலாமே என்றால், விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறவருக்கு அதுதான் சரி, மறுபேச்சில்லை. கிராபிக்ஸ் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு மாற்ற முடியாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது; அந்தப் படத்தரத்தை அன்றைக்கு அந்த விலைக்கு எந்த அசெம்பிள் பெட்டியும் தரவில்லை. ஆனால் கல்லூரி அசைன்மெண்டை அதில் தட்டச்சு செய்ய முடியாது என்று அக்கா ஒரே வரியில் விவாதத்தை முடித்துவிட்டாள்.

வாங்கி வந்த பிறகு நம் ஊரின் தட்பவெப்பமும் மின்சாரமும் தங்கள் பங்கைக் கேட்கும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட்டில் காற்று நுழைய வழியில்லை. திருச்சியின் சித்திரை வெயிலில் அறையே நாற்பது டிகிரியைத் தொடும்போது, உள்ளே இருக்கும் விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றிக் கடைந்துகொண்டிருக்கும். வலை போட்ட முன்பக்கம் அழகு குறைவுதான். எங்களுக்கு அது போதும் என்று முடிவு செய்தோம். அக்காவின் வீடு ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீடு. மாட்டிய முதல் நாளே பையன், “கேபினட்டைத் தொட்டால் சுறுசுறு என்கிறது மாமா” என்று போன் செய்தான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சில கெப்பாசிட்டர்கள் உலோக உடலோடு இணைந்திருக்கும்; சுவரில் எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் தொடுபவர் விரலைத் தேடும். அந்த அறைக்கு எர்த் கம்பியே இழுக்கவில்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்த செலவு எந்தக் கொட்டேஷனிலும் இல்லாதது. யுபிஎஸ் வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 600 விஏ என்பது 600 வாட் அல்ல, பெரும்பாலும் 360 வாட்தான். பெட்டியையும் மானிட்டரையும் அணைக்கும் அளவுக்கு அவகாசம் தரும். ஆடி முடிக்கும் அளவுக்கு அல்ல.

மானிட்டர், எர்த் எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்கு மேல் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. அந்தச் சொச்சத்தை மாமன் சீராக என் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, “எப்படி ஓடுகிறது?” என்று கேட்டேன். “நன்றாக ஓடுகிறது மாமா, ஆனால் 144 என்றீர்களே, என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை” என்றான். செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் நின்றுகொண்டிருந்தது. விண்டோஸ் தானாகப் பெரும்பாலும் அறுபதில்தான் வைக்கும். நாமாகப் போய் மாற்ற வேண்டும். நான்கு மாதமாக வாங்கிய ஃப்ரேம்களில் பாதிக்கு மேல் திரைக்கு வராமலே போயிருக்கிறது. அதுவாவது பரவாயில்லை, கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு, கார்டு பழுது என்று தூக்கிக்கொண்டு கடைக்கு வருபவர்களும் உண்டாம். அப்படியே ரேமையும் பார்த்தேன். 3200 வேகத்துக்கு விற்கப்படும் ரேம், கம்ப்யூட்டரின் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ஒரு தேர்வை முடுக்கிவிடாவிட்டால் 2133-லோ 2400-லோ நிதானமாக நடந்துகொண்டிருக்கும். அதையும் முடுக்கிவிட்டேன். பையன் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில், அன்று கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

சென்னைக்குத் திரும்பியதும், சும்மா ஒரு திருப்திக்காக என் கம்ப்யூட்டரின் பயாஸைத் திறந்தேன். ஐந்து ஆண்டுகளாக அதன் ரேம் 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது.